துரையின் நடை

2007 மே 12, சனிக்கிழமை. பகலெல்லாம் அனலாய்க் காய்ந்த விருத்தாசலத்தில் மாலையில் சிறு தூறல் விழுந்து, புழுக்கத்தை மட்டும் கூட்டிவிட்டு ஓய்ந்தது. எங்கள் தெரு மாரியம்மன் திருவிழா நாடகத்திற்காக இராஜாங்கம் முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டிருந்தார்.

அது கடையில் வாங்கிய பூச்சு அன்று. தாம் வேலை செய்யும் பீங்கான் பட்டறையின் வெள்ளைக் களிமண்ணைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக்கொள்வார். கலெக்டர் துரை வேடம் பல்லாண்டுகளாக அவருடையது. மண் மூட்டை விழுந்து இடது முழங்கால் மடங்காமற் போனபின், அக்குறையையே துரையின் நடையாக்கிக்கொண்டார். விறைத்த காலை வீசி, ஊன்றுமுன் ஒரு கணம் நிறுத்தி, பிரம்பால் பூட்சைத் தட்டுவார். அந்த ஓசைக்குக் கூட்டம் அடங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்நாடகத்தைப் பார்த்த திரைப்பட இயக்குநர் ஒருவர், தம் படத்தில் துரை வேடம் அவருக்கே என்றார். இராஜாங்கம் அதைப் பட்டறை முழுவதும் சொல்லிவிட்டார். பிறகு இங்கிலாந்திலிருந்து ஒரு நடிகர் வந்து இறங்கினார். அவருக்கு நடையைக் கற்றுக்கொடுக்கும் வேலைதான் இராஜாங்கத்திற்குக் கிடைத்தது. வேப்பூருக்கு அருகே நடந்த படப்பிடிப்பிற்கு நாள்தோறும் பஸ்ஸில் போய், மனக்கசப்பின்றிக் கற்றுக்கொடுத்தார்.

"மூஞ்சி அவனுது, காலு ஒன்னுது. பேரு யாருக்குப் போடுவான்?" என்று மனைவி சொர்ணாம்பாள் குத்திக்காட்டினார்.

இருவர் பெயரும் வரும் என்று இயக்குநர் சொல்லியிருப்பதாகக் கூறி இராஜாங்கம் சிரித்தார். படம் வந்தபோது, திரையில் கடைசிப் பெயர் ஓடி விளக்கெரியும் வரை எழாமல் அமர்ந்திருந்தார். அவர் பெயர் வரவில்லை.

இந்தத் திருவிழாவிற்கு முந்தைய ஆண்டு அந்த ஆங்கில நடிகருக்குத் தேசிய விருது அறிவித்தார்கள். டீக்கடையில் செய்தித்தாளை நான்தான் உரக்கப் படித்தேன். காலை வீசி நிறுத்தி நடந்த நுட்பத்தை நடுவர்கள் தனியே பாராட்டியிருந்தனர். அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்ன இராஜாங்கம், பாதி டீயை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

இத்தனைக்கும் பிறகுதான் அன்று மேடையேறினார். காலை வீசி நிறுத்தினார். பிரம்பு உயர்ந்தது.

"டேய், படத்துல வந்த வெள்ளக்காரனக் காப்பியடிக்குதுடா பெருசு" என்றது கூட்டத்தில் ஓர் இளங்குரல்.

"அவன் அளவுக்கு வரலியே" என்றது இன்னொன்று. நாற்காலி வரிசைகளிலும் சிரித்தார்கள்.

பிரம்பு பூட்சைத் தொடவில்லை. எஞ்சிய காட்சிகளில் அந்த முழங்கால் விட்ட அளவிற்குச் சாதாரணமாகவே நடந்து வசனங்களைச் சொல்லி முடித்தார்.

நான் மேடைக்குப் பின்னால் போனபோது அவர் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். காதோர வெண்மை போகவில்லை. நாடகத்தை நடத்தும் மதிவாணன் துண்டை நீட்டினார். நடந்ததெல்லாம் அறிந்தவர் அவர்.

"பசங்க கெடக்குறானுவ, வுடுங்க மாமா. அடுத்த வருசமும் தொர நீங்கதான?"

இராஜாங்கம் முகத்தைத் துடைத்து, துண்டை மடித்துக் கொடுத்தார்.

"வேற ஆளப் பாத்துக்கப்பா."