நிதானம் கணினியைப் புதுப்பித்த கதை

தெருவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். பள்ளிச் சட்டைகளுக்கும் மருத்துவமனைக் கோட்டுகளுக்கும் இயந்திரத்தில் முத்திரை தைத்துக் கொடுப்பவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்த பிறகு, துடைத்த துணியையும் உதறிப் பார்த்துத்தான் மடிப்பார். ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவர் அவசரப்பட்டு எடுத்த முடிவு ஒன்றுகூடக் கிடையாது. அவர் நாசமாய்ப் போனதற்கு அதுவே காரணம்.

முன்னறையில் தையல் இயந்திரம், பக்கத்தில் கணினி. ஊசி எங்கே குத்த வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வது கணினிதான். பதினேழு வருடமாக அவர் புள்ளி புள்ளியாக வரைந்த எழுநூற்றுச் சொச்சம் முத்திரைகள் அதற்குள் இருந்தன. பிழைப்பே அவைதான்.

இந்த இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்பு இல்லை என்று திரை எச்சரிக்க ஆரம்பித்தது. புதியதற்கு மாறலாமா என்று இரண்டு வருடம் யோசித்தார். கணினி மெக்கானிக்கைக் கேட்டார்.

“ஓடுதுல்ல? ஓடுற வரைக்கும் கை வைக்காதீங்கண்ணே.”

காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் மச்சினனைக் கேட்டார்.

“கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குறீங்க மாமா. என்னிக்காவது எவனாவது எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகப் போறான்.”

இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் தொல்லை.

“பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க இவ்வளவு யோசிக்கலையே?” என்றாள் மனைவி.

“அதனாலதான் இப்ப யோசிக்கிறேன்.”

கடைசியில் அந்த ‘எவனாவது’ மேல் இருந்த பயம் ஜெயித்தது. முத்திரைகளை மூன்று இடங்களில் நகல் எடுத்து, ஒன்றை மச்சினன் வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினார். புது இயங்குதளம் அழகாக வந்து உட்கார்ந்தது. முத்திரை வரையும் பழைய மென்பொருள் மட்டும் திறக்கவில்லை. நகல்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவற்றைப் படிக்கத் தெரிந்தது அந்த மென்பொருள் ஒன்றுக்குத்தான். பெட்டகம் மூன்று, சாவி ஒன்று.

பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் பழையதற்கே திரும்பலாம் என்று திரை சொன்னது. வேறு யாராவது என்றால் அன்றைக்கே திரும்பியிருப்பார்கள். இவர் மென்பொருள் கம்பெனிக்கு முறையாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். ஒரே நிமிடத்தில், ‘உங்கள் கடிதம் கிடைத்தது. பத்து வேலை நாள்களில் பதிலளிப்போம்’ என்று வந்தது. காத்திருந்தார். இடையில் இரண்டு ஞாயிறுகள் வந்தன.

பதினொன்றாம் நாள், திரும்பும் வசதி திரையில் மறைந்த பிறகு கூப்பிட்டதில் மெக்கானிக் வந்தான். பார்த்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

“அந்தக் கம்பெனிய மூடி மூணு வருஷமாச்சுண்ணே.”

“பதில் போட்டாங்களேப்பா.”

“அது தானா போகுற பதில். நிறுத்தறதுக்கு அங்க ஆள் இல்ல.”

“பழையதையே திரும்பப் போட்டுட்டா?”

“போடலாம். ஆனா அந்த மென்பொருள் புதுசா அனுமதி எண் கேக்கும். குடுக்க யாரு இருக்கா? நேத்து கூப்பிட்டிருந்தா ஒரு க்ளிக்குண்ணே.”

அவன் போன சற்று நேரத்தில் பள்ளி குமாஸ்தாவின் தொலைபேசி வந்தது.

“முந்நூறு சட்டைக்கு வேணும் சார், வர்ற வாரம். அதே பழைய டிசைன்தான். உங்களுக்கென்ன, தட்டினா வந்துடும்.”

“வந்துடும் சார்.”

மனைவி அவரையே பார்த்தாள். “எப்படி வரும்?”

திறந்த புத்தகமும் விளக்கும் உள்ள அந்தப் பள்ளி முத்திரையை முதல் முறை வரைய ஒன்பது நாள் பிடித்தது. அப்போது அவருக்குக் கண் நன்றாக இருந்தது. மச்சினன் ஏற்றிக் கொடுத்த புது மென்பொருளைத் திறந்து, வெள்ளைத் திரையில் ஒரு புள்ளி வைத்தார். அது சரியான இடத்தில் விழுந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.