பை முதலில் போகட்டும்

டென்மார்க்கில், இலையுதிர் காலத்தில் எங்கள் ஒடென்சே குடியிருப்புக்கு ஒருவர் முதுகில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு இலை ஊத வருவார். முதலில் ஒரு இருமல். பிறகு ஒரு தயக்கம். பிறகு, இனி இருமியே தீருவது என்று முடிவெடுத்ததுபோல ஒரே மூச்சில் நீளமான உறுமல். மற்றவர்கள் யன்னலைச் சாத்துவார்கள். நான் திறந்து வைத்துக்கொண்டு முழங்காலை ஒடுக்குவேன். கை தானாக இடுப்பில் பட்டியைத் தேடும். அது அந்தச் சின்ன விமானத்தின் குரல். அதன் இடப்பக்கக் காற்றாடி இப்படித்தான் இருமும். அதைக் கேட்டபிறகுதான் வலப்பக்கக் காற்றாடிக்கும் இருமல் வரும்.

அந்த விமானசேவை இப்போது இல்லை. இருந்தபோதும் பெரிதாக இருக்கவில்லை. வாலில் நாட்டின் கொடி. வால் சின்னது என்பதால் கொடியும் சின்னது. முன்வரிசைகளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு திரை தொங்கும். அந்தப் பக்கம் உயர்வகுப்பு, இந்தப் பக்கம் சாதாரணம். அதே இருக்கை, அதே பிஸ்கட், அதே ஆறிய கோப்பி. திரையின் கொளுவி உடைந்திருந்ததால் அது பாதியில் நின்றுவிடும். முன்னால் இருப்பவர்களின் பாதித் தலை உயர்வகுப்பிலும் மீதி எங்களோடும் பறக்கும். மேகத்துக்குள் போனால் மழை யன்னலில் கிடையாகக் கோடு கிழிக்கும், எழுதக் கற்கும் பிள்ளையின் கைபோல. நான் அதைப் பார்த்துக்கொண்டே வருவேன். என் முழங்கால் முன்னிருக்கைக்காரரின் முதுகோடு கதைத்துக்கொண்டு வரும்.

என்னை அந்த விமானத்தில் ஏற்றிப் பழக்கியவர் அக்கா. அக்கா பிராண்டேயில் இருக்கிறார். முதியோர் இல்லத்தில் வேலை. அக்காவின் ஒரே மகள் கலியாணம் முடித்து, தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கும் இஷொய்க்குப் போய்விட்டாள். இரண்டு ஊருக்கும் நடுவில் நான் இருக்கும் தீவு. அக்காவின் பக்கம் சின்னக் கடல், சின்னப் பாலம். மகளின் பக்கம் பெரிய கடல், அதற்கு மேலே வெளிநாட்டார் வந்து படம் எடுக்கும் பெரிய பாலம். அந்தப் பாலத்தால் அக்கா போகமாட்டார்.

“என்னட்ட வரேக்க சின்னப் பாலத்தால வாறீங்கள்தானே அக்கா?”

“அது சின்னது. ஏறேக்கயே அக்கரை தெரியுது. மற்றது அப்பிடியே? நடுவில நிண்டு பாத்தா வெளிக்கிட்ட கரையுமில்லை, போற கரையுமில்லை.”

“அப்ப ரெயில்ல போங்கோ.”

“ரெயில் கடலுக்குக் கீழால எல்லே போகுது. மேலால போகவே பயப்பிடுறவளைக் கீழால போ எண்டு சொல்லுறாய்.”

“கப்பல்?”

“வயித்தைப் பிரட்டும். சத்தி.”

“பிளேன் விழாதோ?”

“விழுந்தா விழட்டும். அதுக்கு அவையள் பெல்ற் கட்டி விடீனம்.”

அதனால் அத்தான் காரில் பாலத்தால் போவார், அக்கா பறப்பார், இருவரும் இஷொயில் சந்தித்துக்கொள்வார்கள். அத்தானுக்குக் காற்றாலைத் தொழிற்சாலையில் மாறிமாறி வரும் வேலைமுறை. அவருக்கு லீவு கிடைக்காத நேரங்களில் துணைக்கு நான். ஒடென்சேயிலிருந்து இஷொய்க்கு நேரே கிழக்கே போனால் முடிந்தது. நானோ மேற்கே காரோட்டிப் போய், அக்காவை ஏற்றி, விமானம் பிடித்து, என் வீட்டுக் கூரைக்கு மேலாகவே கிழக்கே பறப்பேன். ஒருமுறை மேலிருந்து பார்த்து, குசினி விளக்கை அணைக்காமல் வந்துவிட்டேனோ என்று யோசித்ததும் உண்டு.

விமானத்தில் அக்காவுக்கு ஒரு சிநேகிதி இருந்தார். நரைத்த தலைமயிரை இறுக்கிக் கட்டிய பணிப்பெண். அக்கா முதல் பயணத்திலேயே அவருக்குக் கிழங்குக்கறி அடைத்துப் பொரித்த பற்றீஸ் ஒன்று கொடுத்தார். விமானம் எங்களுக்குச் சாப்பாடு தரவில்லை. நாங்கள் விமானத்துக்குக் கொடுத்தோம். அக்காவின் டேனிஷ் முதியோர் இல்லத்தில் படித்த டேனிஷ். விமானம் குலுங்கினால் பக்கத்தில் இருக்கும் கோட்டுப் போட்ட மனிதரின் கையைப் பிடித்து, கட்டிலில் இருந்து இறக்கும் குரலில் சொல்வார்: மெதுவா, மெதுவா, பயப்பிடாதேங்கோ, நான் பிடிச்சிருக்கிறன். அந்த மனிதர்களும் பிடியை விடுவதில்லை. இறங்கும்போது சிலர் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அந்த விமானசேவையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அக்காவின் மகளுக்கு நிறைமாதம். அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். “அப்ப நான் இனி என்னண்டு பிள்ளையிட்டப் போறது?”

என்னிடம் பதில் இருந்தது. பாலம், ரெயில், கப்பல் என்ற அதே மூன்று பதில்கள்.

பிள்ளை பிறந்தது, பேத்தி. கிடைத்த லீவுக்கும் கிடைத்த இருக்கைக்கும் பொருந்தி வந்தது ஒரே ஒரு திங்கட்கிழமைதான். அதுவே அந்த விமானத்தின் கடைசிப் பறப்பாகவும் இருந்தது. அத்தானுக்கு வேலை. நான் வாறன் என்றேன். உண்மையைச் சொன்னால், அக்கா கேட்காவிட்டாலும் போயிருப்பேன். எதுவும் கடைசி என்றால் எனக்குக் கால் நிற்காது.

சிக்கல் என்னவென்றால், திங்கள் காலை நாங்கள் வெளிக்கிட வேண்டிய நேரம் சரியாக ராகுகாலம். ராகுவுக்கு டென்மார்க் நேரம் தெரியுமா என்று அத்தான் வருடக்கணக்காகக் கேட்டுப் பார்க்கிறார். அக்காவிடம் அதற்கெல்லாம் முன்பே வழி இருந்தது. முதல்நாள் நல்ல நேரத்தில் பையை வீட்டைவிட்டு வெளியே அனுப்பி, பக்கத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். பை வாசலைத் தாண்டினால் பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. அடுத்தநாள் ஆட்கள் எந்த நேரத்தில் போனாலும் அது தொடங்கிய பயணத்தின் மிச்சம்தான். ராகுவுக்கு அதில் வேலையில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற டேனிஷ் பஸ் சாரதி. முதன்முறை அக்கா பையோடு போய் நின்று விளக்கியபோது சிரிப்பார் என்று நாங்கள் நினைத்தோம். சிரிக்கவில்லை. வானத்தில் ஒருவர் நேர அட்டவணை போட்டிருக்கிறார், அதற்கு முன்னால் வெளிக்கிட வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவருக்கு இதில் விளங்காதது எதுவும் இருக்கவில்லை. அன்றிலிருந்து அக்காவின் பையை வாங்கித் தன் நடையில், கதவைப் பார்த்தபடி, சுவரில் சாயாமல் நிறுத்தி வைப்பார். காலையில் மணி அடித்தால் பையோடுதான் கதவைத் திறப்பார்.

அந்த ஞாயிறு மாலையும் பை போனது. உள்ளே மகளுக்காக அக்கா தன் கையால் வறுத்துத் திரித்த சரக்குத்தூள்: மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள். பிள்ளை பெற்றவளுக்கு அந்தத் தூளில் கறி வைத்துக் கொடுத்தால்தான் உடம்பு தேறும் என்பது அக்காவின் மருத்துவம். கூடவே ஒரு பெட்டி பற்றீஸ்.

திங்கள் காலை பக்கத்து வீட்டு மணியை அடித்தோம். சத்தமில்லை. திரும்ப அடித்தோம். காரும் இல்லை. நான் அவருடைய கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். அது வீட்டுக்குள்ளே, எங்கோ குசினிப் பக்கமாக, சந்தோசமாக அடித்தது.

“கோடை வீட்டுக்குப் போயிட்டார் போல,” என்றேன்.

“பையோடயோ?”

“பை உள்ளதான் கிடக்கும். அக்கா, விடுங்கோ. தூள் இஷொய்க் கடையிலயும் வாங்கலாம்.”

“கடைத்தூளோ.” அக்கா படியில் குந்திவிட்டார். மூன்று சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டிருந்ததால் குந்தியது கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தது. “தூளை விடு. பயணம் உள்ளுக்க நிக்குது, நாங்கள் வெளியில நிக்கிறம். பையில்லாமல் வெளிக்கிட்டா இப்பதான் வெளிக்கிட்ட கணக்கு. இப்ப என்ன நேரம் எண்டு தெரியுந்தானே உனக்கு.”

“இண்டைக்கு விட்டா இனிப் பிளேன் இல்லை அக்கா.”

அக்கா பூட்டிய கதவைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். தொலைபேசியை எடுத்து, மகள் அனுப்பிய படத்தில் பேத்தியின் சுருங்கிய முகத்தைப் பார்த்தார். பிறகு எழும்பிக் காரில் ஏறினார். பட்டியைக்கூட நான்தான் கட்டிவிட்டேன். வழியெல்லாம் பனிமூட்டம். வயல்களில் காற்றாலைகள் இடுப்புக்குக் கீழே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. ராகு முன்னால் போகிறாரா பின்னால் வருகிறாரா என்று தெரியாமல் ஓட்டினேன்.

விமான நிலையத்தில் நுழைந்ததும் அக்கா நின்றுவிட்டார்.

பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒருவருக்குப் பக்கத்தில், தோட்டத்துக்குப் போடும் மரச்செருப்போடு பக்கத்து வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் அக்காவின் பையை, மடியில் கிடந்த பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல, நெஞ்சோடு அணைத்திருந்தார். விடியமுன்னமே வந்துவிட்டாராம். கடைசி விமானம் என்று பத்திரிகையில் பார்த்தாராம். கடைசிப் பயணத்துக்குப் பை தன் நடையில் நிற்பது காணாது, இன்னும் முன்னால் போகவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. விமானத்திலேயே ஏற்றிவிடப் பார்த்திருக்கிறார். பையை நீங்களா அடுக்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. உள்ளே என்ன? தெரியாது. நீங்கள் பயணம் செய்கிறீர்களா? இல்லை, பை மட்டும்தான். பொய் சொல்லத் தெரியாதவருக்கு அந்த இடத்தில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அந்த மண்டபம் முழுவதும் வறுத்த மிளகும் சீரகமும் மணத்துக்கொண்டிருந்தது.

அவரை மீட்டது நரைத்த தலைப் பணிப்பெண். பணிக்கு வந்தவர் மணத்தை வைத்துப் பையை அடையாளம் கண்டு, இது பற்றீஸ் அம்மாவின் பை என்று உத்தியோகத்தரிடம் சாட்சி சொன்னார். உத்தியோகத்தர் திறந்து பார்த்து, இரண்டு முறை தும்மி, மூடித் தந்தார்.

“நான் சரியாகத்தானே செய்தேன்?” என்று டேனிஷில் கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர். “பை முதலில் போகவேண்டும் என்று நீ சொன்னாய்.”

அக்கா பதிலுக்கு அவருடைய கோட்டின் திறந்திருந்த பித்தானைப் பூட்டிவிட்டார். முதியோர் இல்லத்தில் அதுதான் மிகப் பெரிய நன்றி.

விமானத்தில் பாதிப்பேர் எங்கும் போகாதவர்கள். கடைசி என்பதற்காக ஏறியவர்கள், என்னைப்போல. கொளுவி உடைந்த திரையையும் முன்வாசலையும் படம் எடுத்தார்கள். ஒருவர் தன் பிஸ்கட்டைத் தின்னாமல் கைக்குட்டையில் சுற்றி வைத்தார். அக்கா என் காதுக்குள் கேட்டார்: “ஆரும் செத்துப்போச்சினமோ, இவையள் இப்பிடி இருக்கினம்?”

இடப்பக்கம் இருமியது. வலப்பக்கம் கேட்டு இருமியது. எழும்பினோம். கீழே என் ஊர் ஈரமான ஓடுகளோடு வந்து போனது. கடல் வந்ததும் பணிப்பெண் மீதமிருந்த பிஸ்கட் முழுவதையும் அள்ளி எங்கள் மடியில் போட்டுவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையில் குந்தினார். அவர் வேலை நேரத்தில் குந்தியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

“இதுக்குப் பிறகு நீங்கள் வீட்டை என்னண்டு போவியள்?” என்று அக்கா தன் டேனிஷில் கேட்டார்.

தன் மனிசன் காரோடு வந்து காத்திருப்பார், பாலத்தால் போவோம் என்றார் அவர்.

“பயமில்லையோ?”

“பாலத்திலா?” அவர் யோசித்தார். “அவர் ஓட்டுவதுதான் பயம்.”

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே, இத்தனை வருடத்தில் முதன்முறையாக, என் மேலாகச் சாய்ந்து யன்னலால் கீழே பார்த்தார். சாம்பல் கடலில் பாலம் ஒரு நூல்போலக் கிடந்தது. அதில் லொறிகள் அவசரமே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. அக்கா கனநேரம் பார்த்தார்.

“இவ்வளவு சனமும் போகுதே.”

“ஓம் அக்கா.”

“விசர் பிடிச்ச சனம்,” என்றார். ஆனால் பார்வையை எடுக்கவில்லை. பிறகு திரும்பி, “உன்ர கார் எங்க நிக்குது?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார் நாங்கள் வெளிக்கிட்ட விமான நிலையத்தில் நிற்கிறது. வழமையாக அதே விமானத்தில் திரும்பிப் போய் எடுப்பேன். கடைசிப் பறப்பு திரும்பி வராது என்பது என்னைத் தவிர அந்த விமானத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“ரெயில்லதான் போகோணும்,” என்றேன்.

“கடலுக்குக் கீழாலயோ?” அக்கா என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

தரையிறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். காற்றாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பணிப்பெண் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் முறை வந்தபோது வாயைத் திறந்தார், வழமையான ‘அடுத்தமுறை சந்திப்போம்’ வரவில்லை. அக்கா பற்றீஸ் பெட்டியை அவர் கையில் வைத்து, விரல்களைப் பெட்டியைச் சுற்றி மடித்துவிட்டு இறங்கினார்.

வருகை மண்டபத்தில் அக்காவின் மருமகன் வந்து நின்றான். நான் ரெயில் பக்கம் போகவேண்டும். பிள்ளையின் முப்பத்தோராம் நாள் துடக்கு கழிந்தால்தான் அக்கா திரும்புவார் என்று பேச்சு. எப்படித் திரும்புவார் என்று ஒருவரும் பேசவில்லை. அக்கா பையைத் தரையில் வைத்து, குந்தியிருந்து, சரக்குத்தூளையும் மற்றச் சாமான்களையும் எடுத்து மருமகனின் கையில் அடுக்கினார். அவன் தும்மிக்கொண்டு தாங்கினான். தன்னுடைய கம்பளிச் சட்டை ஒன்றை மட்டும் உள்ளே விட்டு, பையைப் பூட்டி, மணிக்கூட்டைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பொறுத்து, அதை என்னிடம் நீட்டினார்.

“இது ஏன் அக்கா?”

“இப்ப நல்ல நேரம் தொடங்கீட்டுது. நீ இதை என்ர வீட்டை கொண்டுபோய் வை.”

“நீங்கள் வர இன்னும் ஒரு மாசம் கிடக்கே.”

“கிடக்கட்டும். பை கடலைத் தாண்டீட்டுதெண்டா பிறகு நானும் தாண்டத்தானே வேணும். உன்ர காரைக் கொண்டு வா, பாலத்தால வருவம்.”

பை வெறும் காற்றுப்போல இருந்தது. தோளில் போட்டேன். சீரகம் மணத்தது. நாலடி நடந்திருப்பேன், அக்கா பின்னால் கூப்பிட்டார்.

“தம்பி, கடல் வரேக்க அதை ஒருக்காப் பிடிச்சுக்கொள், என்ன.”