அணியத்தில் நாற்பது லிட்டர் தண்ணீர்

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒரு பழைய ஸ்பீட் போட் வாங்கினான். புதுச்சேரிப் பக்கம் ஏதோ விடுதியில் சவாரிக்கு ஓடி ஓய்ந்த படகு. பதினான்கு அடி நீளம், வெள்ளை ஃபைபர் உடம்பு, பின்பலகையில் மாட்டிய நாற்பது குதிரைசக்தி எஞ்சின். கடலுக்குப் போக அவனிடம் வேறு படகு இருந்தது. இதை வாங்கியது மனைவிக்காக.

கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டில் அவர்கள் வீடு. கழியைத் தாண்டினால் கிள்ளைப் பக்கத்துக் கரை. அங்கிருந்து பஸ் பிடித்தால் சிதம்பரம், ஆஸ்பத்திரி. பாலம் அப்போது கிடையாது. முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் கலைந்த அன்று, நீர் வற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கோல் போட்டுத் தள்ளும் படகில் அவளை அந்தக் கரைக்குக் கொண்டுபோக ஒன்றரை மணி நேரம் ஆனது. சுனாமி அலை வந்து நான்கு வருடம் கழித்து நடந்தது அது. அடுத்த வருடம் அவள் மறுபடி உண்டானாள்.

சிதம்பரத்து டாக்டரம்மா இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஏதாவது என்றால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். வரும் வழியில் உடம்பு அதிரக் கூடாது.

புதுப் படகு பன்னிரண்டு நிமிடத்தில் கழியைத் தாண்டியது. ஆனால் குதித்தது. வேகம் பிடித்து நீரின் மேல் ஏறி ஓடத் தொடங்கியதும் முன்பகுதி தூக்கும், விழும், மறுபடி தூக்கும். ஒவ்வொரு முறை விழும்போதும் அடிப்பலகை வழியாக ஒரு தட்டு முதுகெலும்பில் ஏறும். மெதுவாகப் போனால் என்ன என்று கேட்கலாம். போய்ப் பார்த்தோம். பாதி வேகத்தில் படகு மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் அமர்ந்துவிட்டது. முன்னால் என்ன வருகிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியவில்லை. நேரமும் மூன்று மடங்கு ஆனது.

நான் அப்போது கடலூரில் ஒரு நாளிதழின் நிருபர். வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. காலை பஸ்ஸில் கிளம்பினால் பத்து மணிக்குள் மணல்திட்டில் இருப்பேன். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பார்த்ததைக் குறித்துக்கொள்ளத் தெரியும். ஆகவே முதல் செவ்வாய், நோட்டுப் புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு படகின் நடுப்பலகையில் உட்கார்ந்தேன். அவன் பின்னால், எஞ்சின் கைப்பிடியில்.

ஒரு சுற்று முடிந்து எஞ்சினை நிறுத்தியதும் கேட்டான்.

"எத்தினி வாட்டி குதிச்சிது மாமா?"

"நிமிஷத்துக்கு அம்பத்திரண்டு."

"எழுதிக்கினீங்களா? பேப்பர்ல கீப்பர்ல போட்டுடாதீங்க. ஊருல என்னெ குதிரக்காரன்னு கூப்புடுவானுவோ."

எஞ்சின் நின்றபின் அந்தக் கழியில் வரும் அமைதிக்கு ஒரு எடை உண்டு. சுரபுன்னைக் காடு இரண்டு பக்கமும் தன் நிழலுக்குள் நின்றது. படகு கிழித்த நீர் தன்னை மெல்லத் தைத்துக்கொண்டது. நாங்கள் எழுப்பிய அலை வேர்களுக்கிடையே போய்ச் சேரும் ஓசை, நாங்கள் மறந்தபிறகு, வேறு யாருடைய படகோ வருவதுபோல எங்கிருந்தோ கேட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமைகளை இப்போது நினைத்தால் இடையில் தூங்கி எழுந்தது போலவே இருக்கிறது. நோட்டில் இருக்கும் எண்கள்தான் நான் விழித்திருந்ததற்குச் சாட்சி.

இரண்டாவது செவ்வாய், காரணம் எங்கள் கண்முன் வந்தது. எங்களில் ஒருவன் அதைப் பார்த்தான், மற்றவன் பார்க்கவில்லை. முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது நீரில் ஏதோ மிதப்பதாகத் தோன்றி, குனிந்தபடியே நகர்ந்து முன்பகுதிக்குப் போனேன். மிதந்தது ஒரு தென்னை மட்டை. ஆனால் நான் அங்கே உட்கார்ந்த நொடியில் படகு குதிப்பதை நிறுத்தியது. சத்தம்கூட மாறியது. தட்டுத் தட்டாக இருந்தது ஒரே நீண்ட சீறலானது. கண்ணாடிமேல் போவதுபோல் போனோம்.

மச்சான் எஞ்சினை அணைத்துவிட்டான்.

"மாமா, அங்கேருந்து எறங்குங்க."

"குதிக்கல பாத்தியா?"

"மொதல்ல எறங்குங்க. செருப்போட போயி அணியத்துல குந்திகினு இருக்கீங்க."

படகின் முன்பகுதியை அவர்கள் அணியம் என்பார்கள். வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைப்பது அங்கே. மாசி மகத்தன்று மாலை போடுவது அங்கே. அதில் யாரும் உட்காருவதில்லை, எதையும் ஏற்றுவதில்லை. விடுதியில் எத்தனையோ பேர் செருப்புக் காலோடு ஏறி இறங்கிய படகுதான். மச்சான் வாங்கி வந்து முதல் பூசை போட்ட அன்று அதற்கும் அணியம் வந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பெட்ரோல் டேங்க், பேட்டரி, நங்கூரம், கயிறு எல்லாம் பின்னால் அவன் காலடியில். அவனும் பின்னால். போதாததற்கு எஞ்சினைச் சாய்த்துப் பூட்டும் ஆணியையும், கடலில் அலையை ஏறிக் கடக்கும் படகுக்குச் செய்வதுபோல், கடைசித் துளையில் போட்டிருந்தான். கடலில் அணியம் தூக்கியிருந்தால்தான் உயிர். கழியில் அலை இல்லை. தூக்கிய அணியத்தைத் தாங்க ஒன்றும் இல்லாமல் அது விழுந்துகொண்டே இருந்தது.

ஆணியை மாற்ற உடனே ஒப்புக்கொண்டான். இரண்டு துளை உள்ளே தள்ளினோம். குதிப்பு நின்றது, ஆனால் மூக்கு தண்ணீரை உழுதது. திருப்பத்தில் படகு வழுக்கிச் சுழன்று எங்களைக் காட்டுக்குள் விடப் பார்த்தது. ஒரு துளை வெளியே எடுத்தோம். திருப்பம் சரியானது. குதிப்பு பாதி திரும்பி வந்தது. நிமிடத்துக்கு முப்பது. முன்னால் கொஞ்சம் எடை இருந்தால் தீர்ந்துவிடும் என்பது இருவருக்கும் தெரிந்தது.

"ஒரு டேங்க தூக்கி முன்னால வைப்போம் மச்சான்."

"எண்ணெயவா? சாமி மூஞ்சியில எண்ணெ டப்பாவ வைக்கச் சொல்றீங்க."

"நங்கூரம்?"

"இரும்பு."

"மணல் மூட்டை?"

"பொணத்துக்குப் போடுற மண்ணு மாதிரி. வேற எதுனா சொல்லுங்க."

அவன் வேடிக்கையாகப் பேசவில்லை. மனைவிக்காகத்தான் இத்தனையும். அவளை ஏற்றப்போகிற படகில் ஒரு தப்புச் செய்துவிட்டு, பிறகு ஏதாவது நடந்தால், தன்னால்தான் என்று கடைசிவரை நினைப்பான். அது எனக்குப் புரிந்ததால் மேலே வற்புறுத்தவில்லை. அந்தச் செவ்வாயும் முடிந்தது. அவளுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. போன முறை நடந்தது ஆறில்.

மூன்றாவது செவ்வாய் கரையில் நின்று இதையே மறுபடி பேசிக்கொண்டிருந்தோம். அவள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"ஏன் அண்ணா, தண்ணி வைக்கக் கூடாதா?"

"தண்ணியா?"

"கல்யாணத்துக்கு வைக்கிறம், குடி போறதுக்கு வைக்கிறம். எந்த சாமி முன்னாடி நெறகொடம் வைக்கக் கூடாதுன்னு சொல்லுது? எவ்ளோ எட வேணுமோ அவ்ளோ தண்ணி வையுங்க. நல்ல தண்ணியா வையுங்க."

மச்சான் அவள் பக்கம் திரும்பினான்.

"இத்தினி நாளா ஏன்டி சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் என்னெ எங்க கேட்டீங்க? ஆம்பளைங்க கணக்கு போட்டுகினு இருந்தீங்க."

இருபது லிட்டர் கேன் இரண்டு. ஊர்க் குழாயில் பிடித்த குடிதண்ணீர், விளிம்புவரை, தளும்பாதபடி மூடி இறுக்கி. கேன்களின் கழுத்தில் அவள் மஞ்சள் கட்டினாள். அணியத்துக்குள் பழைய வலைத் துண்டைச் சுற்றி அசையாமல் இறுக்கினோம். செருப்பைக் கரையிலேயே விட்டேன்.

அந்த ஓட்டத்துக்கு நோட்டில் ஒரே எண்: பூஜ்யம். அதற்குக் கீழே, "வலப்பக்கம் இழுக்கிறது" என்று எழுதியிருக்கிறேன். கைப்பிடியை அவன் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. எஞ்சின் காற்றாடிக்கு மேலே ஒரு சின்ன உலோக வால் இருக்கிறது, படகு ஒரு பக்கமாக இழுக்காமல் பார்த்துக்கொள்ள. போல்ட்டைத் தளர்த்தி அதன் பின்முனையை வலப்பக்கம் நெல்லளவு திருப்பினோம், பிறகு இன்னொரு நெல்லளவு. அடுத்த சுற்றில் ஒரே விரலால் ஓட்டினான். காடு இருபுறமும் சத்தமில்லாமல் பின்னால் உருகிப் போயிற்று. வானம் மேலே இருந்தது, கீழேயும் இருந்தது. நாங்கள் அந்த மடிப்பின் வழியே போனோம்.

அவள் அதில் ஏறியது ஏழாம் மாதம், பரிசோதனைக்கு. அன்று செவ்வாய் என்பதால் நானும் உடன் போனேன். ஆறாம் மாதம் முழுக்க அவள் இரவில் சரியாகத் தூங்கவில்லை என்று என் மனைவி சொல்லியிருந்தாள். புரண்டு படுக்கவே பயந்தாளாம். நடுப்பலகையில் பாயை மடித்துப் போட்டு, துணிப்பையில் சாய்ந்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்தாள். படகு மேலெழுந்து ஓடத் தொடங்கியது. கொஞ்ச தூரத்தில் கைகள் தளர்ந்தன. பிறகு தலை சாய்ந்தது. அவள் தூங்கிவிட்டாள்.

பன்னிரண்டாம் நிமிடத்தில் கரை வந்தது. மச்சான் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் அணியம் ஒருமுறை தூக்கி இறங்கும், அவள் விழித்துவிடுவாள். படகுத்துறையைக் கடந்து, அகலமாக வளைத்து, காட்டின் ஓரமாகத் திரும்பிப் போனான். இரண்டாவது முறை கரை வந்தது. மறுபடி கடந்தோம். டீக்கடை வாசலில் நின்றவர் கையை ஆட்டி, கரை இங்கே இருக்கிறது என்று காட்டினார். மச்சான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான், இத்தனை இரைச்சலுக்கு நடுவில். ஆஸ்பத்திரியில் டோக்கன் தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. எத்தனை சுற்று என்று எண்ணவும் இல்லை. நானும் பாதித் தூக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அவளே கண் விழித்தாள்.

"வந்துட்டமா?"

"இப்பதான்," என்றான்.

அன்று டாக்டரம்மாவைப் பார்க்க மாலை வரை காத்திருந்தோம்.

வலி எடுத்தது ஒரு வியாழக்கிழமை காலை. நான் கடலூரில் ஒரு கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மதியம் மச்சானிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை, முழு மாதம், இரண்டு பேரும் நலம்.

"வழியில படகு குதிச்சிதா?" என்று கேட்டேன்.

"தெரியல மாமா," என்றான். "கவனிக்கல."