மாற்றிச் சொன்ன முடிவு

திருநகர் கிளை நூலகத்தில் சிறுவர் அலமாரியின் முன்னால் குத்தவைத்துப் புத்தகம் தேடும்போது சௌரிராஜனுக்கு முதுகு கூசும். ஐம்பதைத் தாண்டிய ஆள். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர். வாழ்க்கையில் முழுசாகப் படித்த புத்தகம் என்று அவருக்கு ஒன்றும் கிடையாது. வீட்டில் படிக்கிற ஆள் மனைவி கனகலட்சுமிதான். அவளுக்குக் கண் போன பிறகுதான் அவர் இந்த அலமாரிக்கு வந்து சேர்ந்தார்.

கண் ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் ஓரப் பார்வை சுருங்கியது. கதவில் தோளை இடித்துக்கொண்டாள், பக்கத்தில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டாள். வயதானால் எல்லோருக்கும் வருவதுதான் என்று தெருவோரக் கடையில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்தாரின் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே, மடியின் இன்னொரு பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தாள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். இப்போது வெளிச்சம் தெரியும். ஆள் நிழலாடுவது தெரியும். எழுத்து தெரியாது.

கனகலட்சுமி பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவள் வாசிப்பில் ஒரு பிடிவாதம் இருந்தது. கொலைக் கதை வேண்டாம், ராஜா ராணிக் கதை வேண்டாம். ஒரு பையன், ஒரு பெண், ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு குறை, இவ்வளவு இருந்தால் போதும். சிறுவர் அலமாரியில் இருப்பதா, பெரியவர்கள் அலமாரியில் இருப்பதா என்று அவள் பார்த்ததே இல்லை. "நல்ல கதைன்னா ஒரு பத்து வயசுப் புள்ளைக்கும் புரியணும், எனக்கும் வலிக்கணும்" என்பாள். படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எவளோ ஒருத்தி காகிதத்தில் அழுதால் உனக்கு எதுக்குக் கண்ணீர் என்று சௌரிராஜன் அந்தக் காலத்தில் கேலி செய்ததுண்டு.

பெங்களூரில் இருக்கும் மகள் இந்துப்ரியா போனில் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அதுவே வாசிக்கும். கனகலட்சுமி ஒரு பொழுது கேட்டுவிட்டு அணைக்கச் சொன்னாள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், பூ பூத்தாலும், மாட்டுத்தாவணியில் பஸ் அறிவிக்கிற அதே குரலில் சொல்கிறதாம். அதனால் வேலை சௌரிராஜன் தலையில் விழுந்தது.

ஆரம்பத்தில் அவர் வாசிப்பும் அந்தப் போனைவிட மேலாக இல்லை. கடையில் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பழகினார். கூட வேலை செய்யும் ஜெயபாண்டி விடவில்லை.

"அண்ணே, கதை வாசிக்கிறீகளா, பில்லு வாசிக்கிறீகளா? அந்தப் புள்ள அழுகுதுன்னு போட்டிருக்கு. நீங்க அஞ்சரை மீட்டர்னு சொல்ற மாதிரியே சொல்றீக."

"போடா மாப்ள, நீ வாசிச்சுக் காட்டு."

"நான் வாசிச்சா கடை முழுக்க அழுதுருமேன்னு பாக்குறேன்."

கேலியோடு கேலியாக அவனே ஒரு வழியும் சொன்னான். வாய் ஒரு வரியில் இருக்கும்போது கண் அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும், அப்போதுதான் தடுக்காது. சௌரிராஜன் அதைப் பிடித்துக்கொண்டார். வாய் பின்னால் வர, கண் முன்னால் ஓடியது.

இன்னொரு பழக்கமும் தானாக வந்தது. வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். தமிழ் அவருக்குக் கடைத்தெரு மொழி, அவளுக்குப் புத்தக மொழி. கதையில் மனசைப் பிசைகிற இடம் வந்தால் சௌரிராஜனுக்குத் தமிழ் தொண்டையில் நின்றுவிடும். புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, என்ன நடந்தது என்பதைச் சௌராஷ்டிரத்தில் சொல்லிவிடுவார். கனகலட்சுமி அதற்குக் கோபித்ததில்லை. இந்த மனுஷனுக்கும் இளகுகிறதே என்று சிரித்துக்கொள்வாள்.

அந்த மாதம் எடுத்து வந்த நாவலின் அட்டை கிழிந்து ஒட்டியிருந்தது. அல்லி என்று ஒரு பெண். அவளுக்கு ஒரு குட்டித் தம்பி. வெளிநாட்டு வேலைக்குப் போன அப்பாவிடமிருந்து தகவல் இல்லை. தினமும் சாயங்காலம் இருவரும் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் போய்க் கடைசி பஸ்ஸுக்காக நிற்பார்கள். பஸ் போனதும் தம்பி கேட்பான், "நாளைக்கும் வருவோமா?" அல்லி தலையாட்டுவாள். கதை முழுக்க அவ்வளவுதான். ஆனால் அதற்குள் பள்ளிக்கூடம் இருந்தது, பசி இருந்தது, அம்மாவின் கோபம் இருந்தது, தம்பி சொல்லும் பொய்கள் இருந்தன. தம்பியின் பொய்களுக்குக் கனகலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைச் சௌரிராஜன் கேட்டார். கடையிலிருந்து வரும்போதே செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள், "அல்லி இன்னைக்கு எங்க நிக்கிறா?"

கடைசி அத்தியாயம் மிச்சம் இருந்த அன்றுதான் ஆஸ்பத்திரிக்கு மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். போன பார்வை திரும்பாது. இருக்கிறதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. கனகலட்சுமி சரி என்றாள். காளவாசலில் பஸ் மாறி வந்தார்கள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, "படிங்க" என்றாள்.

சௌரிராஜன் வாசித்தார். அல்லியும் தம்பியும் விலக்கில் நின்றார்கள். தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. வாய் அந்த விளக்கு வரியில் இருந்தபோது கண் அடுத்த வரிகளுக்கு ஓடிவிட்டது. அங்கே இருந்ததைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்தினார்.

இன்றைக்கு இதை எப்படி இவளிடம் சொல்வது? வேறு மாதிரி வாசித்துவிடலாம் என்று பார்த்தார். புத்தகத் தமிழ் ஒரு வாக்கியம்கூட அவருக்கு வரவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் பார்டரும் முந்தியும் கலரும்தான். அதனால் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டுச் சௌராஷ்டிரத்தில் சொன்னார். பஸ் நின்றது, அப்பா இறங்கினார், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டார்.

கனகலட்சுமி சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "வந்துட்டான்ல" என்றாள். "வருவான்னு எனக்குத் தெரியும்."

சௌரிராஜன் மறுநாளே, தவணைக்கு முன்னாலேயே, புத்தகத்தை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தார். ஆனால் கனகலட்சுமிக்கு அது முடியவில்லை. வேறு டாக்டரைப் பார்ப்போம் என்றாள். கோயம்புத்தூரில் யாரோ நல்லா பார்க்கிறார்களாம் என்றாள். "அல்லி மாதிரி நிக்கணும். நின்னா ஒருநாள் வரும்" என்றாள். சௌரிராஜன் தலையாட்டினார். தலையாட்டுவது அவளுக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, "ஆமா" என்றும் சொன்னார்.

பக்கத்து வீட்டுத் திவ்யா கீழக்குயில்குடியிலிருந்து வந்து குடியேறிய தவசியின் மகள். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கனகலட்சுமியிடம் புத்தகம் கேட்டுப் படித்தே வளர்ந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்தாள். சௌரிராஜன் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பேச்சு அல்லிக்கு வந்தது. திவ்யாவும் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அதை வாசித்திருந்தாள்.

"அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிச்சிட்டு நான் அன்னைக்குச் சோறே திங்கல ஆன்ட்டி. அந்தப் பய ஒண்ணுமே கேக்காம நிப்பான்ல..."

"எந்தப் பய? அதான் அவங்கப்பா வந்துட்டாரே."

சௌரிராஜனின் கத்தி நின்றது. திவ்யா அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் இருந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயோ, நான் வேற கதையோட குழப்பிக்கிட்டேன் ஆன்ட்டி" என்றாள். சொன்ன வேகமே காட்டிக்கொடுத்தது.

"நீ குழம்பல" என்றாள் கனகலட்சுமி. "அன்னைக்கு இவர் புத்தகத்தை மூடிட்டுத்தான் சொன்னார்."

திவ்யா எழுந்து போனதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் சௌராஷ்டிரத்தில் சொன்னது தமிழில் இப்படித்தான் வரும். "கண்ணு அதுவா போச்சு. யாரையும் குறை சொல்றதுக்கில்ல. ஆனா இந்தக் கதைய என்கிட்ட இருந்து நீங்க எடுத்தீங்க."

உனக்காகத்தான் என்று சௌரிராஜனுக்கு வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் இன்னும் மோசமாகும் என்று பட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்கு நடந்தார். ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் வரை திறந்திருக்கும். நூலகர் தமிழ்ச்செல்வி புத்தகத்தின் பேரைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார்.

"அது முந்தாநேத்துதான் போச்சுண்ணே. ஒரே காப்பி. நீங்கதான் சீக்கிரமே கொண்டாந்து குடுத்துட்டீகளே."

"யாரு எடுத்தா? நான் போய்க் கேட்டு ஒரு பக்கம் மட்டும் பார்த்துட்டு வாரேன்."

"அதெல்லாம் சொல்லக் கூடாதுண்ணே. வாசிச்சு முடிச்சாத்தான வரும். நான் போயிப் புடுங்கிட்டா வர முடியும்?"

திவ்யா போனில் தேடிப் பார்த்தாள். பதிப்பகத்தில் இருப்பு இல்லை. ஜெயபாண்டி பழைய புத்தகக் கடைகளில் கேட்டுவிட்டுக் கையை விரித்தான். கடைசி அத்தியாயத்தை நானே சொல்கிறேன் என்று திவ்யா வந்தபோது கனகலட்சுமி வேண்டாம் என்றாள். "நீ சொன்னா அது சேதி. எனக்குக் கதை வேணும்."

அதன்பின் அவள் சண்டை போடவில்லை. சாப்பிட்டாள், சொட்டு மருந்து போடக் கண்ணைக் காட்டினாள். கோயம்புத்தூர் பேச்சை எடுக்கவில்லை. சௌரிராஜன் வேறு புத்தகம் கொண்டுவந்து முதல் பக்கத்தை வாசித்தார். அவள் நடுவில், "இதுல அப்படித்தான் போட்டிருக்கா?" என்று கேட்டாள். கோபமில்லாமல், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதுபோல. அடுத்த பத்தியிலும் கேட்டாள். அவர் புத்தகத்தை மூடிவிட்டார். இனி எதை வாசித்தாலும் அவளால் நம்ப முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

வெளியே திருமங்கலம் ரோட்டில் ஒரு பஸ் பிரேக் போட்டு நின்று கிளம்பியது. இருவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பியது.

அந்த நேரத்தில்தான் அவருக்கு அந்த வரிகள் வந்தன. வாசித்த பக்கங்களில் ஒன்றும் அவருக்கு மனப்பாடம் இல்லை. வாசிக்காமல் விட்டதுதான் அப்படியே நின்றது. வாய் பொய்யைத் தேடிய நேரமெல்லாம் கண் அந்த எழுத்துகளின் மேலேயே இருந்திருக்கிறது. சௌரிராஜன் தமிழில், புத்தகத்தில் இருந்தபடி சொன்னார்.

"பஸ் நின்றது. யாரும் இறங்கவில்லை. 'நாளைக்கும் வருவோமா' என்று தம்பி கேட்பதற்காக அல்லி காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை."

கனகலட்சுமியின் கை புடவை முந்தியைத் தேடி எடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இது அவர் சொல்லக்கூடிய தமிழ் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"அப்புறம்?" என்றாள்.

"அதுக்கு மேல நான் பார்க்கல. அங்கேயே மூடிட்டேன்."

"இன்னும் எம்புட்டுப் பக்கம் இருந்துச்சு?"

"ஒரு பக்கம் இருக்கும். தெரியல."

அவள் தலையசைத்தாள். புத்தகம் யார் வீட்டில் இருக்கிறதோ, அவர்கள் வாசித்து முடிக்கிறவரைக்கும் அல்லி அங்கேதான் நிற்க வேண்டும். சௌரிராஜன் எழுந்து விளக்கைப் போட்டார். போட்ட பிறகு, யாருக்காக என்று அவருக்கே தெரியாமல், சுவிட்சின் மேல் கையை வைத்தபடி நின்றார்.