கொம்பு வாடையில் ஒரு பெண் பார்ப்பு

எருமைக் கொம்பைத் தணலில் காட்டினால் எப்படி நாறும் தெரியுமா? தலைமுடி கருகினால் வருமே ஒரு நெடி, அதைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள். மந்தைவெளியில் எங்கள் சந்துக்கு அந்த நெடிதான் விலாசம். புதிதாக வந்த தபால்காரர்கூட மூக்கை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்தார்.

அப்பா கத்திகளுக்குக் கைப்பிடி போடுகிறவர். மரம், மான் கொம்பு, எருமைக் கொம்பு மூன்றிலும் வேலை உண்டு. வெறும் பிடி என்றால் அப்பா. கிளி, யாளி முகம், தாமரை மொட்டு என்று செதுக்க வேண்டியது வந்தால் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. ஆனால் தி. நகர் கடைக்காரர்களிடம் எல்லாம் அப்பா செய்ததாகத்தான் பேச்சு. வயசுப் பெண் நாள் முழுக்கக் கொம்பைக் குடைகிறாள் என்று தெரிந்தால் எவன் கட்டிக்கொள்வான் என்பது அம்மாவின் கவலை.

எனக்கு எல்லாமே கவலை. மழை பிடித்தால் சுவர் விழுந்துவிடும். அப்பா கால் மணி தாமதித்தால் அவர் மேல் பஸ் ஏறிவிட்டது. ஒன்பது வயதிலேயே அப்படி. இன்றைக்கும் பெரிதாகத் தேறிவிடவில்லை.

அத்தைக்கு ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இரண்டாவதாக வந்த அம்மாள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கேசரியை மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டுப் போனாள். மூன்றாவதாக வரப்போகிறவர்கள் நந்தனத்தில் தச்சுப் பட்டறை வைத்திருந்தார்கள். அப்பா மூன்று நாள் கொம்பையே தொடவில்லை. அறுத்த தூளைக்கூடக் கூட்டி அள்ளிக் கொல்லையில் புதைத்தார். இதுவும் தட்டிப்போனால் அத்தைக்குக் கல்யாணமே இல்லை என்று அம்மா மூக்கைச் சிந்தியதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர்களை அழைத்துவர அப்பா பஸ் நிறுத்தத்துக்குப் போனார். அம்மா பால் வாங்கப் போனாள். இருவர் தலையும் மறைந்ததுதான் தாமதம், வீடு முழுக்க அந்த நெடி. கொல்லைக்கு ஓடினேன். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு, தணல் சட்டி முன்னால் அத்தை குந்தியிருந்தாள். இடுக்கியில் ஒரு கொம்புத் துண்டு.

“அத்தே, இன்னா பண்றே? அவங்க வந்துருவாங்க!”

“வரட்டும்டி. அவசர வேலை.”

வீட்டைக் காப்பாற்ற ஆள் நான் ஒருத்திதான். அத்தையின் சட்டியிலிருந்தே நாலு கங்கு எடுத்துத் தூபக்காலில் போட்டு, மாடத்தில் இருந்த சாம்பிராணி டப்பாவை அப்படியே கவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் சாமி படம் தெரியவில்லை. சுவரும் தெரியவில்லை.

அந்தப் புகைக்குள்தான் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் இருமிக்கொண்டே நுழைந்தார்கள். பின்னாலேயே அப்பா. அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அக்கா, “ஐயையோ, ஊடு பத்திக்கினு எரியுதே!” என்று வாளியும் தண்ணீருமாக ஓடி வந்தாள். யார், எவர் என்று பார்க்கவில்லை. வீசினாள். மாப்பிள்ளையின் சலவைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

புகை அடங்கியது. கொம்பு நெடி அடங்கவில்லை. சாம்பிராணியோடு கலந்து, கோயில் வாசலில் மொட்டையடித்த முடியைக் குவித்துக் கொளுத்தியது போல இருந்தது.

மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கொம்பு வாட்டறீங்களா?” என்றார்.

“அது... பக்கத்து ஊட்ல...” என்று அப்பா இழுத்தார்.

“எங்க ஊட்லயா? நல்லா கீதே நாயம்!” அக்கா வாளியைத் தரையில் வைத்தாள். “உன் தங்கச்சிதானே நாள் பூரா அத்த நோண்டிக்கினு கீது! சந்துக்கே தெரியும்.”

பால் சொம்போடு வாசலில் வந்து நின்ற அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று நான் அழத் தயாரானேன்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “இதுக்கா இம்மாம் புகை? எங்க பட்டறையில பலகை ஒட்டத் தோல் வச்சிரம் காய்ச்சுவோம். அந்த நாத்தத்துக்கு இது சந்தனம்.”

அத்தை செதுக்கியதைப் பார்க்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. அத்தை ஒரு மயில் கைப்பிடியைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் பெண்ணைப் பார்க்கவில்லை. கைப்பிடியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கழுத்து கொஞ்சம் ஒடிஞ்சாப்ல கீதே?”

“அது திரும்பிப் பாக்குது. அப்படித்தான் இருக்கும்,” என்றாள் அத்தை. “நீங்க மொதல்ல சட்டையப் பிழிங்க.”

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் இப்படிப் பேசி எங்கள் சந்து கேட்டதில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை. பிறகு அவர் அம்மா, அக்கா, கடைசியாக அப்பா. பஜ்ஜி ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. போகும்போது மாப்பிள்ளை அப்பாவிடம், பட்டறைக்குப் பின்னால் ஒரு தணல் சட்டி வைக்கத் தாராளமாக இடம் இருக்கிறது என்றார்.

தை மாதம் கல்யாணம். சீர் வரிசைத் தட்டுகளுக்கு நடுவே ஒரு தட்டில் உளிகளும் அரங்களும் போயின.

அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தது என் சாம்பிராணிதான் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அத்தை மறுத்ததே இல்லை. “ஆமாடி, உன்னாலதான்” என்பாள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நானும் அரம் பிடித்த பிறகுதான் வேலையின் வரிசை எனக்குப் புரிந்தது. கொம்பை வாட்டுவது முதல் வேலை, வளைவை நிமிர்த்த. வாட்டிய கொம்பு நாட்கணக்கில் ஆறினால்தான் உளி வைக்கலாம். பெண் பார்க்க வருகிற காலையில் அவசரமாக வாட்டுவதற்கு ஒன்றுமே கிடையாது.

அன்றைக்கு இடுக்கியில் இருந்தது, எந்தக் கத்திக்கும் ஆகாத வெறும் நுனித் துண்டு.