அவரைத் தவிர யாரையாவது அனுப்பும்

"ஏட்டி எஸ்தரு, என்னமோ கடிச்சிட்டு" என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எறும்பாக இருக்கும் என்று நினைத்தேன். உளுந்துக்குள் குனிந்து இரண்டு பேரும் கையால் களை பறித்துக்கொண்டிருந்தோம். அவர் இரண்டாம் தடவை கூப்பிட்ட குரலில்தான் நிமிர்ந்தேன். கணுக்காலுக்கு மேலே இரண்டு ரத்தப் பொட்டு. பக்கத்தில் தடித்த பாம்பு ஒன்று, உடம்பெல்லாம் வட்டம் வட்டமாக, அவசரமே இல்லாமல் வரப்புப் பொந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி விரியன். எங்கள் பக்கத்தில் அதைத் தெரியாதவர் கிடையாது.

சபையாரே, இது நடந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம் கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் இவள் பாம்பில் ஆரம்பிக்கிறாளே என்று நினைக்காதீர்கள். நான் சொல்லப் போகிறதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமே இல்லை. பெருமையெல்லாம் ஆண்டவருக்குத்தான். எனக்கு வெட்கம்தான் மிச்சம்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு மூன்று மைல் உள்ளே இருக்கிறது. கரிசல் பூமி, மழையை நம்பின வெள்ளாமை. எங்கள் நிலத்துக்கு அந்தப் பக்கம் வெங்கிடசாமி அண்ணாச்சியின் நிலம். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். எத்தனையோ தலைமுறையாக அந்த ஊரில் விவசாயம் பார்க்கிற குடும்பம். அவர் நிலத்துக்கு வண்டி போக வேண்டுமானால் எங்கள் நிலத்தின் ஓரமாகத்தான் போக வேண்டும். அப்படித்தான் காலாகாலமாகப் போய்க்கொண்டிருந்தது. முந்தின வருஷம் ஈரத்தில் அவர் வண்டி வழுக்கி, எங்கள் பருத்தியில் இரண்டு வரிசை சேதமாகிவிட்டது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து, "தெரியாம நடந்துபோச்சு, மனசுல வச்சிக்கிடாதிய" என்றார். என் வீட்டுக்காரர் ஞானராஜ் சரி என்று விட்டுவிட்டார். விடாதவள் நான்.

எனக்கு வாய் நீளம். உங்கள் எல்லாருக்கும் தெரியும், மறைத்து என்ன செய்ய? அண்ணாச்சியின் மனைவி ரங்கம்மாளை, பஸ் நிற்கிற இடத்தில் பத்துப் பேர் முன்னால் வைத்து வாய்க்கு வந்தபடி பேசினேன். அதுவும் போதவில்லை. பாதையையே அடைக்க வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றேன். என் தொல்லை தாங்காமல் இவர் வேலிக்கருவை வெட்டிக்கொண்டு வந்து, ரோட்டிலிருந்து பாதை இறங்குகிற இடத்தில் முப்பதடிக்கு முள்ளைப் பரப்பினார். வெங்கிடசாமி அண்ணாச்சி சண்டைக்கு வரவில்லை. அன்று முதல் உரமானாலும் விதையானாலும் தலைச்சுமையாக, ஓடைக்கரை வரப்பைச் சுற்றிக்கொண்டு போனார். அவர் மூட்டையோடு தடுமாறிப் போவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருகிறவள்தான், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள்தான். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கரிசல் காட்டில் வெயில் காலத்தில் முள் போடலாம், மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். மண் இளகினால் முள்ளை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு எங்கே முள், எங்கே சேறு என்று போட்டவனுக்கே தெரியாது. புரட்டாசியில் இவர், "எடுத்துருவோம்ட்டி, பின்னால நமக்கே தொந்தரவு" என்றார். நான் வீம்புக்கு வேண்டாம் என்றேன். ஐப்பசி முழுக்க மழை. முள் எல்லாம் சேற்றுக்குள் போய்விட்டது. மேலே நாலைந்து கொப்பு மட்டும் தெரிந்தது. அதற்கப்புறம் நாங்களும் அந்த ஓடைக்கரை வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தோம்.

அந்த வழியில் ஓடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அன்று காலையில் அதில் முழங்கால் அளவுதான் தண்ணீர். நாங்கள் களைக்கு இறங்கின பிறகு, மேற்கே பெய்த மழைத்தண்ணீர் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. பாம்பு கடித்தபின் நான் ஓடிப் போய்ப் பார்த்தால், நெஞ்சளவுக்குச் சுழித்துக்கொண்டு போகிறது. அதில் அவரைக் கொண்டு போக முடியாது. ரோட்டோரம் நெடுகப் பள்ளம், அதில் தண்ணீர். மிச்சம் இருந்தது நான் அடைத்த பாதை ஒன்றுதான்.

துண்டைக் கிழித்து அவர் காலில் கட்டினேன். தோளில் சாய்த்து நடத்திப் பார்த்தேன். கரிசல் சேற்றில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும், நாலு எட்டு வைத்தால் ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ மண் அப்பிக்கொள்ளும். பாதி நடத்தி, பாதி இழுத்து, முள் தொடங்குகிற இடம்வரை கொண்டு வந்து சேர்த்தேன். அதற்குமேல் அவரால் முடியவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாந்தி எடுத்தார். ஈறில் ரத்தம் கசிந்தது. "பிள்ளையப் பாத்துக்கோ" என்றார். எங்கள் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு.

நான் அந்தச் சேற்றில் முழங்கால் போட்டு வானத்தைப் பார்த்துக் கத்தினேன். "மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்கீரே, உமக்கு என்ன தெரியும்? யாரையாவது அனுப்பும்" என்றேன். மரியாதையான ஜெபம் இல்லை. அப்போது எனக்கு வேறு வரவில்லை.

அந்த நேரம் ரோட்டில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி வந்து நின்றது. தன் நிலத்தில் தண்ணீர் கட்டி நிற்கிறதா என்று பார்க்க வந்த வெங்கிடசாமி அண்ணாச்சி. சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தியிருக்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவே முப்பதடி முள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இவரு வேண்டாம். இவரைத் தவிர யாரையாவது அனுப்பும்" என்று ஜெபித்தேன். புருஷன் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு அப்போதும் அந்த மனிதரிடம் கையேந்தக்கூடாது என்ற நினைப்பு. மனுஷ மனசு அவ்வளவு கேடு கெட்டது. மற்றவர்கள் மனசைச் சொல்லவில்லை, என்னுடையதைச் சொல்கிறேன்.

கண்ணைத் திறந்தால், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். முதல் எட்டிலேயே முகம் சுருங்கியது. என்னை அறியாமல் என் வாயில் வந்துவிட்டது. "அண்ணாச்சி, முள்ளு கெடக்கு."

"தெரியும்மா" என்றார். நிற்கவில்லை.

வந்து குனிந்து இவர் காலைப் பார்த்தார். "விரியனா? சரி. கால ஆட்டாத ஞானராசு. எம் முதுகுல ஏறு" என்று தூக்கிக்கொண்டார். வரும்போதாவது கால் வைக்க இடம் பார்த்து வந்தார். திரும்பிப் போகும்போது ஓர் ஆளைச் சுமந்துகொண்டு அதுவும் முடியவில்லை. இரண்டு பேர் பாரத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் கால் ஆழமாக இறங்கியது. இவர் வலியில் முனகினார். அவரோ, "ஏமி லேது, ஏமி லேது" என்று, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று, தெலுங்கில் சொல்லிக்கொண்டே போனார். பாதி வழியில் என்னைப் பார்த்து, "தாயி, எங்கால் பட்ட எடத்துலயே கால வச்சு வா" என்றார். அப்படியே போனேன். எனக்குத் தைத்தது ஒரே ஒரு முள்.

டிவிஎஸ்ஸில் அவர் ஓட்ட, நடுவில் இவரை உட்கார வைத்து, பின்னால் நான் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். உடனே மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்துப் பார்த்தார்கள், உறையவில்லை. "ரெண்டு நாள் போகட்டும்மா, இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அந்த இரண்டு நாளும் நான் ஜெபித்தேன். யாரை அனுப்ப வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்றெல்லாம் சொல்லவில்லை. "இவரைத் தாரும்" என்று மட்டும் கேட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் ரங்கம்மாள் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து நின்றாள். பின்னால் அண்ணாச்சி, கம்பை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி. இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இங்கன உக்காருங்க அண்ணாச்சி" என்றேன். வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, அவர் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். "விடும்மா, அவ எடுத்துருவா" என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றி ஒவ்வொரு முள்ளாக எடுத்தேன். சிலது ஒடிந்து உள்ளேயே இருந்தது. கண்ணீரில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, நான் அங்கன வச்சு ஜெபம் பண்ணுனது உங்க காதுல விழுந்துச்சா?" என்று கேட்டேன்.

"விழுந்துச்சு."

"பூராமுமா?"

"நீ என்ன மெதுவாவா பேசுதே?" என்றார். ரங்கம்மாள் சிரித்துவிட்டாள். "பஸ் நிக்கிற எடத்துல பேசுனதே எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பெறகு எதுக்கு வந்தீய?"

அவருக்கு அது ஒரு கேள்வியாகவே தெரியவில்லை. "நீ வேண்டாங்குதேன்னு அந்த மனுசன அங்கன போட்டுட்டுப் போக முடியுமாம்மா?" என்றார்.

சபையாரே, நான் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தவள். தேவன் நமக்காக மனிதனாகப் பிறந்தார் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். உள்ளுக்குள் நான் நினைத்தது வேறு. கடவுளுக்கு இது ஒரு கஷ்டமா, நாடகத்தில் ராஜா வேஷம் மாற்றுகிற மாதிரி வந்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தேன். அவருக்கும் பாதம் இருந்தது, நாம் போட்டது அதில் தைத்தது, ரத்தம் வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நாம் கூப்பிட்டோம், அதனால் வந்தார் என்றும் நினைத்திருந்தேன். நாம் எங்கே கூப்பிட்டோம்? வேண்டாம் என்றுதானே சொன்னோம். அதையும் கேட்டுக்கொண்டுதான் வந்தார். அன்றைக்கு அந்த வராந்தாவில், அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு, என் இரட்சகரை முதல் தடவையாக உண்மையாகக் கும்பிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நர்ஸம்மா அந்தக் கண்ணாடிக் குழாயைச் சாய்த்துக் காட்டினார். ரத்தம் உறைந்திருந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

மார்கழியில் மண் இறுகினதும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக அந்த முள்ளைத் தோண்டி எடுத்தேன். நாலு நாள் ஆனது. மூன்றாம் நாள் ரங்கம்மாளும் வந்து சேர்ந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதையை முன்னைவிட அரை வண்டி அகலம் கூட்டி விட்டோம். என் வாய் முழுக்கத் திருந்திவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் பேசின அன்றைக்கே போய் மன்னிப்புக் கேட்கிறேன். சில நாள் இரண்டு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சி ஆண்டவரை ஏற்றுக்கொண்டாரா என்று சிலர் என்னிடம் கேட்கிறீர்கள். அவர் இப்போதும் பெருமாள் கோயிலுக்குத்தான் போகிறார். கேட்டால், எல்லாம் அவன் செயல் என்கிறார். நான் அவரைப் பற்றிச் சாட்சி சொல்ல வரவில்லை. என் ஆண்டவர் எனக்கு எதைக் காட்டினார், யாரை வைத்துக் காட்டினார் என்று சொல்ல வந்தேன். அந்த மனிதருக்காக நான் தினமும் ஸ்தோத்திரம் பண்ணுகிறேன்.

ஆறு வருஷமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் அதோ அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், என் மகள் பக்கத்தில். மழைக்காலத்தில் கால் கொஞ்சம் கடுக்கும், அவ்வளவுதான். உங்களில் யாராவது இன்றைக்கு இனி ஆகாது என்ற நிலைமையில் இருந்தால், ஆண்டவரிடம் கேளுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டாலும் கேளுங்கள், எனக்கும் வரவில்லை. இன்னும் ஒன்று. உங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லாத வீடு ஏதாவது இருந்தால், இந்தக் கிறிஸ்மஸுக்கு முன்னால் அந்த வாசலுக்குப் போங்கள். பரலோகத்தை விட்டு அவர் நம் வாசலுக்கு வந்தார். நமக்கு ஒரு தெரு தாண்டினால் போதும்.