பாபநாசத்தில் விட்ட பறக்கும் உடுப்பும் ஒன்பது கைலாயங்களும்

போனவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், துபாயிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருக்கும் எங்கள் மகள் உலகம்மை, கார் ஓட்டிய சுடலை.

தாமிரபரணிக் கரையில் இருக்கும் நவகைலாயக் கோவில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவர முடியுமா என்று உங்களில் சிலர் இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். முடியும். மார்கழி இரண்டாம் வெள்ளிக்கிழமை நாங்கள் பார்த்தோம். கணக்கும் நேரமும் கீழே தருகிறேன். ஆனால் நாங்கள் போன காரணம் வேறு. உலகு (வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) மூன்று வருடமாக விமானத்திலிருந்து குதிக்கிறாள். வேலைக்காக இல்லை. லீவு நாளில், சொந்தச் சம்பளத்தைச் செலவழித்துக் குதிக்கிறாள். அதை அவள் விட வேண்டும் என்று பாபநாசம் உலகம்மைக்கு நேர்ந்திருந்தேன். அந்த அம்மன் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருக்கிறோம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கம்ப்யூட்டரைப் போலவே ஸ்கைடைவிங்கையும் நானாகத்தான் படித்துக்கொண்டேன், மத்தியான வேளைகளில் வீடியோ பார்த்துப் பார்த்து. பயப்படுவதென்றாலும் விஷயம் தெரிந்து பயப்பட வேண்டும் அல்லவா?

எங்கள் வீடு இருக்கும் டவுணிலிருந்து காலை 4.40க்குக் கிளம்பினோம். பாபநாசம் 49 கிலோமீட்டர், 5.50க்கெல்லாம் படித்துறையில் இருந்தோம். தண்ணீர் எலும்பைத் தொடும் குளிர். முன்பெல்லாம் இங்கே குளித்தவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டு வருவார்கள், பாவம் அதோடு போகும் என்று. இப்போது விடக் கூடாது. ஆறு கெடுகிறது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். உலகு போர்டைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. குளித்துவிட்டு வந்தவள் பைக்குள்ளிருந்து நீலமும் கறுப்புமாக ஒரு உடுப்பை எடுத்தாள். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவள் குதிக்கும்போது போடும் உடுப்பு அது. கையிலும் காலிலும் காற்றுப் புகுந்து உப்பும்படி தைத்திருக்கும். அதைச் சுருட்டித் தண்ணீரில் விடக் குனிந்தாள்.

"ஏ பிள்ள! ஆத்துல போடாத!" என்று துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருத்தர் துடைப்பத்தோடு ஓடி வந்தார். "நீங்க பாவத்த விட்டுட்டுப் போயிருதீங்க, அள்ளுதது நாங்கள்லா? அந்தா டிரம்மு இருக்கு, அதுல போடு. என்ன சட்ட இது, பலூன் கணக்கா?"

"குதிக்கிற சட்டக்கா."

"குதிச்சது போதும்னு வுட்டுட்டியா? நல்ல காரியம்."

உலகு பதில் சொல்லாமல் டிரம்மில் போட்டுவிட்டு வந்தாள். அந்தப் பேசாமையை நான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். என் நேர்த்திக்கடன் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அம்மன் சன்னிதிக்கு முன்னால் உரலில் விரலி மஞ்சள் இடித்துக் கொடுப்பது இங்கே பெண்களின் வழக்கம். கால் கிலோ கொண்டுபோயிருந்தேன். கண்ணீர் வழிய வழிய இடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சன்னிதியிலும் நின்றதில்லை.

சேரன்மகாதேவிக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் நெல் வயல். சுடலைக்கு வாய் சும்மா இருக்காது.

"தங்கச்சி, தப்பா நெனைக்காத. பிளேன் நல்லாத்தான ஓடுது, அதுல இருந்து எதுக்குக் குதிக்கணும்?"

"ஒங்க காரும் நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி. டீக்கடையக் கண்டா எதுக்கு எறங்குதீங்க?"

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "ஏளா, ஸ்டூல்ல ஏறினாலே ஒனக்குத் தல சுத்தும். ஒன் வயித்துல இது எப்படிப் பொறந்துச்சு?" என்றார் என்னைப் பார்த்து.

அப்போது வயலுக்கு மேலே கொக்குகள் வரிசை பிடித்துப் போயின. உலகு கையைக் கார் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டிச் சொன்னாள். அவள் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பதிமூவாயிரம் அடியில் குதித்து, கையையும் காலையும் விரித்துக் கிடந்தால் நேராகக் கீழே விழுவோம். கையை இடுப்போரம் ஒடுக்கி, காலை நீட்டி, தோளைக் குறுக்கினால் உடம்பு முன்னோக்கி ஓடும். இதுதான் டிராக்கிங். நன்றாகச் செய்பவர்கள் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னால் போய்விடுவார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து இப்படி ஓடினால் அது கூட்டு டிராக்கிங். ஒருவர் முன்னால் போவார். திசை, வேகம், சாய்வு எல்லாம் அவர் கையில். மற்றவர்கள் அவர் பின்னாலும் பக்கத்திலும் தங்கள் இடம் விலகாமல் வர வேண்டும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. குறித்த உயரம் வந்ததும் ஆளுக்கொரு திசையில் விசிறிபோலப் பிரிந்துபோய்ப் பாராசூட்டை விரிப்பார்கள்.

விங்சூட் வேறு. கைக்கும் விலாவுக்கும் நடுவில், இரண்டு காலுக்கும் நடுவில் துணி இருக்கும். அதில் காற்று நிறைந்து உடம்பே இறக்கையாகிவிடும்.

"வவ்வா மாதிரியா?" என்றார் சுடலை.

"வவ்வாலேதான்."

ஒரு மீட்டர் இறங்குவதற்குள் இரண்டு மூன்று மீட்டர் போகலாம். இரண்டு மூன்று நிமிஷம் காற்றிலேயே இருக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கை துணிக்குள் இருக்கிறது. சுழல ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். பாராசூட் விரிந்த பிறகும் கையை விடுவித்துக்கொண்டுதான் அதைத் திருப்பும் கயிற்றைப் பிடிக்க முடியும். டிராக்கிங்கில் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்பதுதான் ஆபத்து. விங்சூட்டில் உடுப்பே ஆபத்து. எல்லாம் முடிந்துபோன கதை என்று நினைத்து, நிம்மதியாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு. நான்கையும் முடித்து ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேர்ந்தபோது 12.10. நடை சாத்திவிட்டார்கள். மாலையில் திறக்கும்வரை ஒரு புளியமரத்து நிழலில் காரை நிறுத்திச் சாப்பிட்டோம். எலுமிச்சைச் சாதமும் அவியலும் வீட்டிலிருந்தே கொண்டுபோனது. ஆண்கள் இருவரும் காரில் தூங்கிவிட்டார்கள்.

"ஏட்டி, அந்தச் சட்டைய விட்டது நல்லதாப் போச்சு. இனி லீவு நாள்ல என்ன செய்வ?" என்று கேட்டேன்.

"விங்சூட் படிக்கப் போறேம்மா. அடுத்த மாசம். பேரு குடுத்தாச்சு. எரநூறு தடவ குதிச்சிருந்தாத்தான் சேப்பாங்க. எனக்கு முடிஞ்சிட்டு."

"அப்ப டிரம்முல போட்டது?"

"அது டிராக்கிங் சட்ட. டிராக்கிங் இனி எனக்கு வேண்டாம்."

கையில் பிசைந்திருந்த சாதம் அப்படியே இருந்தது. பிறகு அவளாகச் சொன்னாள். காயல்பட்டினத்துப் பெண் ஒருத்தி அவளோடு துபாயில் ஒரே அறையில் இருந்தாள். பெயரை மாற்றி ஷாகிதா என்று எழுதுகிறேன். மாடிப்படியில் விழுந்து முதுகில் அடி, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் உலகு எங்களிடம் சொல்லியிருந்தாள். மாடிப்படி இல்லை. ஆறு பேர் போன டிராக்கிங். முன்னால் போனது உலகு. ஷாகிதா பின்தங்கிவிட்டாள். எட்டிப் பிடிக்கத் தலையைச் சாய்த்துப் பாய்ந்திருக்கிறாள். அப்படிப் பாயக் கூடாது என்பது முதல் பாடமாம். வேகம் அடங்காமல் கூட்டத்துக்கு அடியில் போய்விட்டாள். பிரியும் நேரத்தில் இன்னொருவர் அவளுக்கு நேர் மேலே. இரண்டு பாராசூட்டும் சிக்கிக்கொண்டன. அவர் தப்பித்துவிட்டார். ஷாகிதாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

"விங்சூட்லயும் சேந்துதான பறக்குதாங்க?" என்றேன்.

"பறப்பாங்க. நான் போ மாட்டேன். படிச்சு முடிச்சதும் தனியாத்தான் போவேன். எம் பின்னால இனி யாரும் வர வேண்டாம்."

அவள் ஆசைப்பட்டுப் போகிறாள் என்றால் திட்டியாவது நிறுத்தலாம். இதை எந்த வார்த்தையால் நிறுத்துவது? கூட்டமாகப் பறக்கிறாளே, யாராவது பக்கத்தில் இருப்பார்கள் என்பதுதான் இந்த மூன்று வருடமும் எனக்கு இருந்த ஒரே ஆறுதல்.

ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். மாலையில் நான்கு சன்னிதியிலும் கைகூப்பி நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. காலையில் விடச் சொல்லிக் கேட்டதைத்தான் அவள் டிரம்மில் போட்டுவிட்டாளே. சேர்ந்தபூமங்கலத்தில் 7.10க்குத் தரிசனம் முடிந்தது. காயல்பட்டினம் அங்கிருந்து பக்கம்தான். போவோமா என்று உலகுதான் கேட்டாள். வாசல்வரை வந்தவள் காரைவிட்டு இறங்கவில்லை. நான் மட்டும் உள்ளே போனேன்.

ஷாகிதா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நல்ல களையான முகம்.

"உலகு வரலியா ஆன்ட்டி?"

"கார்ல இருக்கா. எறங்க மாட்டேங்கா."

சிரித்தாள். "துபாய் ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான். பூ மட்டும் உள்ள வரும், அவ வெளியிலயே நிப்பா." பிறகு சிரிப்பு நின்றது. "அவ மேல தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். இல்லன்னும் சொல்ல மாட்டேன். பாஞ்சது நான்தான். ஆனா ஒண்ணு மட்டும் கேக்கணும். நான் பிந்தினத அவ பாத்தாளா?"

அவளுடைய உம்மா கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டுக் காருக்கு வந்து கேட்டேன். உலகு தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பாத்தேம்மா. வந்து சேந்துருவான்னு நெனச்சேன். நான் கொஞ்சம் வேகத்தக் கொறச்சிருந்தா வந்திருப்பா. ஒருத்தர் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாரு. வரிசை அழகா இருந்துச்சு."

திரும்பி உள்ளே போய் இதைச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. வாசலில் நின்றே போய்வருகிறேன் என்று கையசைத்தேன். ஷாகிதா கட்டிலிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: மொத்தம் 226 கிலோமீட்டர். கார் வாடகை டீசலோடு 3,800 ரூபாய், டிரைவர் படி 400. பாபநாசத்தில் ஏழு மணிக்குள் கிளம்பிவிட்டால் ஸ்ரீவைகுண்டத்தையும் உச்சிக்கு முன்னால் பார்த்துவிடலாம். நாங்கள் முக்கால் மணி நேரம் பிந்தினோம், அதனால்தான் மத்தியானம் முழுக்கக் காத்திருந்தோம். மத்தியானச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். படித்துறை வழுக்கும், வயதானவர்கள் பார்த்து இறங்கவும். துணி எதையும் ஆற்றில் விடாதீர்கள்.

இனி நான் கேட்பது. உலகு இதைப் படித்துவிட்டாள். ஒரு வரியும் மாற்றச் சொல்லவில்லை. போடு என்றாள். இதைப் படிப்பவர்களில் யாராவது கூட்டு டிராக்கிங்கில் முன்னால் போனவர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பின்னால் ஒருத்தர் பிந்துவதைப் பார்த்தால் முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டுமா? அல்லது பிந்தியவர் அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு ஒதுங்கிப் போக வேண்டியதுதான் முறையா? ஆறுதல் வேண்டாம், நடப்பதை எழுதுங்கள். உங்களுக்கும் அப்படி நடந்திருந்தால், அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். ஷாகிதாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வரும் புதன்கிழமை திருவனந்தபுரத்தில் உலகுக்கு விமானம். செவ்வாய்க்கிழமைக்குள் பதில் போடுங்கள்.